வாளின் அங்கிட்டுக் கைப்பிடி

ஆசாரிப் பட்டறையில் ஓர் ஆட்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் பட்டறையில் அதற்குச் சேதி சொல்லும் வேலை.

இலுப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடிதான் பட்டறை. அங்கே நட்டிருந்த கம்பத்தோடு சேர்த்து ஒரு வாகைப் பலகையை நிறுத்திக் கட்டியிருக்கிறார்கள். பலகைக்கு ஒரு பக்கம் என் வீட்டுக்காரர். மறுபக்கம் அவருடைய அண்ணன், எனக்கு மூத்தார். இரண்டு பேர் கையிலும் மரம் அறுக்கிற ஒரே வாள். அதற்கு இந்தப் பக்கம் ஒரு கைப்பிடி, அந்தப் பக்கம் ஒரு கைப்பிடி. இவர் இழுக்க அவர் விட, அவர் இழுக்க இவர் விட, வாள் பலகையின் நடுவே இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் இலுப்பை எண்ணெய்க் கிண்ணத்தோடு கொஞ்சம் தள்ளி நிற்கிறேன்.

"ஆப்பு ஒண்ணு எறக்கணும்," என்கிறார் மூத்தார், வேப்பமரத்தைப் பார்த்து.

என் வீட்டுக்காரர் காதில் விழாதவர் மாதிரி நிற்கிறார். நான் ஆட்டின் பக்கம் திரும்பி, "ஏ கருப்பி, ஆப்பு எறக்கணுமாம்," என்கிறேன்.

"எறக்கட்டும். யாரு கையப் பிடிச்சா?" இது என் வீட்டுக்காரர். அவரும் ஆட்டிடம்தான் சொல்கிறார்.

கருப்பி தலையைத் தூக்கி எங்கள் மூவரையும் பார்க்கிறது. பிறகு எதற்கு வம்பு என்பதுபோல இலையைக் கடிக்கப் போய்விடுகிறது. நான் போய் ஆப்பை அடிக்கிறேன்.

போன வாரம் நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த என் மகள், "அம்மா, நீ வாள் இழுத்த கதைய எழுதாம விட்டுட்டியே," என்றாள். விட்டதற்குக் காரணம் கூச்சம்தான். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் பார்க்க நின்று பேசினதுகூட இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரையும் எழுத மாட்டேன். சொல்லிப் பழக்கமில்லை. எழுதவும் கை வரவில்லை.

ஒன்றை இரண்டாக்குவது

இப்போது மெஷின் வாளில் கொடுத்தால் வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் பலகை வந்துவிடுகிறது. அப்போது கைதான்.

அலமாரிக் கதவு என்றால் நாலு பக்கமும் சட்டம் வைத்து, நடுவில் மெல்லிய பலகை பொருத்துவார்கள். அந்த மெல்லிய பலகை கடையில் கிடைக்காது. கனமான ஒரு பலகையை எடுத்து, அதன் கனத்தை நடுவாகப் பிளக்கிற மாதிரி, மேலிருந்து கீழே அறுக்க வேண்டும். பாதி இறங்கியதும் பலகையைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டி, அடுத்த முனையிலிருந்து அறுக்க வேண்டும். இரண்டு அறுப்பும் நடுவில் வந்து சந்தித்தால் பலகை இரண்டாக விரியும். கூப்பின கையை விரித்துப் பார்ப்பது மாதிரி, இந்தப் பலகையில் இருக்கிற ரேகை அந்தப் பலகையிலும் அப்படியே இருக்கும். இரட்டைக் கதவில் அதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவ்வளவு அழகு.

சந்திக்காமல் போனால் இரண்டு பலகையும் பாழ். ஒன்று ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் அப்பளமாக இருக்கும். மற்றது அதற்கு நேர்மாறாக இருக்கும். அடுப்புக்குத்தான் ஆகும்.

வாகைக்கு இன்னொரு குணம் உண்டு. அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. எங்கள் வீடுகளில் ஒருவர் தும்மினால் பெரியவர்கள் "நூறு" என்பார்கள். நூறு வயசு இருக்க வேண்டுமாம். அடுத்த தும்மலுக்கு "எரநூறு". நான் கல்யாணமாகி வந்த புதிதில், வாகை அறுக்கிற நாளில் பட்டறை ஏலம் போடுகிற இடம் மாதிரி இருக்கும். தம்பி தும்ம, அண்ணன் "நூறு, எரநூறு, முந்நூறு" என்று ஏற்றிக்கொண்டே போவார். "போதும்ணே, அத்தனை வருஷம் ஒன்கூட வாள் இழுக்க என்னால ஆகாது," என்பார் இவர்.

நான் சொல்லுகிற அந்த நாளில் இரண்டு பேரும் தும்மினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாத்து நடலாம்

அவர்கள் பேச்சை விட்டதற்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம்.

சந்தைப் பக்கத்து டீக்கடையில் யாரோ மூத்தாரிடம், "ஒங்க தம்பி இப்பல்லாம் நல்லா இழைக்கிறாராமே?" என்று கேட்டிருக்கிறார். மூத்தார் கேலிக்காரர். "ஆமா, அவன் இழைச்ச பலகையில மழை பெஞ்சா நாத்து நடலாம்," என்றாராம். அத்தனை மேடு பள்ளமாம். கடையே சிரித்திருக்கிறது. சிரிப்பு அடங்கும்போது என் வீட்டுக்காரர் வாசலில் டம்ளரோடு நின்றிருக்கிறார்.

கையில் வேலை இருக்கிறவனுக்கு வேலையைக் குறை சொன்னால் தாங்காது. அன்றையிலிருந்து பேச்சு நின்றது. ஒரே அடுப்பு, ஒரே பட்டறை, ஒரே வாள், பேச்சு மட்டும் கிடையாது. வாளை ஒரு ஆள் இழுக்க முடியாதே, அதனால் எதிரெதிரே வந்து நின்றார்கள்.

எனக்குத்தான் கஷ்டம். மூத்தார் முன்னால் தம்பி பெண்டாட்டி நின்று பேசுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பட்டறையில் எண்ணெய் விடுகிற நேரம் போக, அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் பெண்டாட்டி அஞ்சலை அக்கா மூலமாகத்தான் சொல்ல வேண்டும். அஞ்சலை அக்கா ஒரு சேதியை வாங்கினால் அதில் உப்பும் புளியும் சேர்க்காமல் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் ஆட்டைப் பிடித்தேன்.

சவரியம்மாவின் மரம்

அந்தப் பலகையைக் கொண்டுவந்தவர் சவரியம்மா. கீரனூர்ப் பக்கத்துக் கிராமம். புருஷன் இல்லை, ஒரே மகள். மகளை மீமிசல் பக்கம் கொடுக்கிறார்கள். கடற்கரை ஊர். "அங்கிட்டு உப்புக் காத்துங்க. தகரப் பெட்டி ஒரு மழைக்குத் தாங்காது, துரு ஏறிரும்," என்று சொல்லி, கிணற்றடியில் நின்ற வாகையை அலமாரிக்காக வெட்டிவிட்டார். வெட்டிப் பார்த்தால் மரத்துக்குள் பெரிய பொந்து. தேறியது கதவுக்கு ஆகிற ஒரே பலகை. மற்றச் சட்டங்களுக்கு வேம்பு போதும். முகத்துக்கு இதுதான்.

"ஆசாரியாரே, இது ஒண்ணுதாங்க. பாத்துச் செய்யுங்க," என்று பலகையைத் தடவிக்கொண்டே நின்றார். "வார ஞாயித்துக்கெழம முதல் ஓலை வாசிக்கிறாக."

வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், கல்யாணத்துக்கு முன்னால் கோவிலில் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிப்பார்கள். அதைத்தான் ஓலை என்பது. மூன்றாம் ஓலை முடிந்த கையோடு கல்யாணம். நாள் தள்ளாது.

வேறு பலகை தேடவும் வழி இல்லை. அது உலகச் சண்டை நடந்த காலம். நல்ல மரமெல்லாம் வண்டி வண்டியாக ராணுவத்துக்குப் போனது. மரம் அறுக்கிற ஆட்களும் கூலி கூட என்று அந்த வேலைக்கே போய்விட்டார்கள். அந்தப் பலகை கெட்டால் அந்தப் பெண்ணுக்கு அலமாரி இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஈர்க்கு

அறுப்பதற்கு முன்னால் பலகையின் ஒரு முகத்தை இழைத்து மட்டமாக்குவார்கள். அந்த மட்டமான முகத்திலிருந்து அளந்து, இரண்டு பக்கத்து விளிம்பிலும் கோடு கீற வேண்டும். வாள் இழுக்கிறவர் தன் பக்கத்துக் கோட்டைத்தான் பார்க்க முடியும். இந்தப் பக்கத்துக் கோடும் அந்தப் பக்கத்துக் கோடும் ஒத்திருந்தால் வாள் உள்ளே நேராக இறங்கும்.

பலகையை இழைத்தவர் என் வீட்டுக்காரர். டீக்கடைப் பேச்சு நெஞ்சில் இருந்ததோ என்னவோ, அன்றைக்கு அந்த ஒரு முகத்தை அப்படி இழைத்தார். சுருள் சுருளாகச் சீவல் முழங்கால் வரை கிடந்தது. தன் பக்கத்து விளிம்பில் கோட்டைக் கீறிவிட்டு வெற்றிலை போடப் போனார்.

பிறகு மூத்தார் வந்தார். தம்பி இழைத்த முகத்தை நம்பி அளந்தால் அவர் சொன்ன கேலி என்ன ஆவது? அதன்மேல் கைகூட வைக்கவில்லை. மறுபக்கம், மரம் அறுத்தவர்கள் விட்டுப்போன கரடான முகத்திலிருந்து அளந்து தன் பக்கத்துக் கோட்டைக் கீறினார். பேச்சு இருந்திருந்தால், "எந்த மொகம்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். இல்லையே.

தலைப் பக்கம் இரண்டு கோடும் ஒத்துப்போனது. வாளும் பாடிக்கொண்டு இறங்கியது. ஒரு முழம் இறங்கியிருக்கும், பாட்டு மாறிவிட்டது. முனகியது. எண்ணெய் விட்டேன். மறுபடி முனகியது. இந்தப் பக்கம் ஆப்பு சுளுவாக இறங்க, அந்தப் பக்கம் அடித்தாலும் போகவில்லை.

எண்ணெய் விடுகிறவளுக்கு ஒரு வசதி. பலகையின் இரண்டு பக்கமும் போய்வருகிறவள் நான் ஒருத்திதான். எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினேன். என் வீட்டுக்காரர் பக்கம், இழைத்த முகத்திலிருந்து அறுப்பு வரைக்கும் வைத்து, அந்த அளவுக்கு ஒடித்தேன். சுற்றிப் போய், மூத்தார் வாளை இழுத்துப் பின்னால் சாய்ந்த நேரத்தில், அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தேன்.

ஒரு அம்மன் காசுக் கனம் குறைந்தது. அம்மன் காசு என்பது அந்த நாளில் எங்கள் சமஸ்தானத்தில் ஓடின சின்னச் செப்புக்காசு. சட்டைப் பையில் கிடந்தால் தெரியாது. பலகைக்குள் கிடந்தால் போச்சு. இன்னும் கீழே கோடு கிடந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே அதைவிட அதிகம்.

என் வீட்டுக்காரரிடம் வந்து மெல்லச் சொன்னேன். "ஏங்க, ரெண்டு பக்கமும் அளவு ஒத்து வரலைங்க."

"நான் கோட்டப் பாத்துத்தான இழுக்குறேன். அங்கிட்டு என்ன கிறுக்கி வச்சிருக்காகளோ, அவுகளப் போய்க் கேளு."

அவர்களை நான் எப்படிக் கேட்பது? கருப்பியைத் தேடினேன். அது வேலியோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வாள் போய்வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலகை போய்க்கொண்டிருக்கிறது.

"மாமா, வாள நிப்பாட்டுங்க!"

என் சத்தம்தான் அது. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மூத்தாரிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை. வாள் நின்றது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாசற்படியில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அஞ்சலை அக்காவின் முறமும் நின்றது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஈர்க்கைக் கீழே போடவில்லை. அதைப் பலகையின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

மூத்தார் எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். அந்தப் பக்கம் வைத்தார். முகம் கறுத்தது.

பிறகு நடந்த சண்டையும் ஆட்டின் மூலமாகத்தான்.

"ஏ கருப்பி! நான் இழைச்ச மொகத்துல இருந்து அளந்தா கை வெந்தா போயிரும்? கேளு!"

"ஏ கருப்பி! அந்த மொகத்துலயா? அதுல அளந்தா வாளு ஏரி வரப்புல போற மாதிரில்ல போகும்! சொல்லு!"

"அப்ப ஒத்த ஆளா அறுக்கட்டும்! நான் திருச்சிக்குப் போறேன். ரயில் பட்டறையில ஆள் எடுக்குறாக!"

இரண்டு ஆம்பிளைகள் வாயிலும் தன் பெயரைக் கேட்டுக் கேட்டுக் கருப்பி மிரண்டுபோனது. முளைக்குச்சியோடு பிடுங்கிக்கொண்டு தெருப்பக்கம் ஓடிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரரும் போனார். ஆடு பொழுது சாயத் திரும்பிவிட்டது. இவர் வரவில்லை.

காலியாக நின்ற கைப்பிடி

அதற்குள் இரண்டாம் ஓலையும் வாசித்தாகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் மூத்தார் நாலு தெரு அலைந்துவிட்டு வந்தார். வாள் பிடிக்க ஆள் இல்லை. மண்வெட்டி பிடிக்கிறவனைக் கூப்பிட்டு இதில் நிறுத்த முடியாது. வாள் அறுப்புக்குள்ளேயே நின்றது. இந்தப் பக்கக் கைப்பிடி காலி. அதன் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து எழுந்து போனது.

அந்த நேரம் பார்த்துச் சவரியம்மா வந்தார், தூக்கில் மோரோடு.

"என்னங்க ஆசாரியாரே, பாதியில நிக்குது?"

வாய் ஓயாத மூத்தார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சவரியம்மா பலகையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். ஒன்றும் புரிந்திருக்காது, ஏதோ சரியில்லை என்பது மட்டும் புரிந்திருக்கும். பலகையின் மேல் படிந்திருந்த தூளை முந்தானையால் துடைத்தார். தூக்கை வைத்தார். "நல்லபடியா முடிச்சுக் குடுங்க. மாதா இருக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் துடைப்புதான் என்னை எழுப்பிவிட்டது. சத்தம் போட்டிருந்தால்கூட நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருப்பேன்.

அஞ்சலை அக்காவிடம் போனேன். "அக்கா, அங்கிட்டுக் கைப்பிடிய நான் பிடிக்கிறேன். மாமாகிட்டச் சொல்லுங்க."

"எந்தக் கைப்பிடிய? உரலுக்கா, மாவரைக்கிற எயந்திரத்துக்கா?"

"வாளுக்கு."

முறத்தைக் கீழே வைத்தார்கள். "ஏன்டி, ஒனக்குக் கிறுக்கா? பொம்பள தொட்டா வாளுக்குப் பல்லு மழுங்கும்பாக. சரி, அது கெடக்கட்டும். மூத்தாருக்கு எதுக்க நின்னு மொகத்துக்கு மொகம் பாத்து இழுப்பியா? ஊரு வாயால சிரிக்காது தெரியுமா?"

"பலக போயிரும்க்கா."

"போனாப் போகுது."

"ரெண்டு ஓல வாசிச்சாச்சு அக்கா."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார்கள். நான் எதற்கும் இரண்டாம் வார்த்தை பேசாதவள். இன்றைக்கு மூன்றாவது தடவையும் அங்கேயே நிற்கிறேன். என்ன நினைத்தார்களோ, எழுந்து உள்ளே போய் மூத்தாரின் பழைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கம்பத்திலிருந்து வேப்பங்கிளைக்கு ஒரு கயிறு கட்டி, பலகைக்கு மேலே திரையாக அதைப் போட்டார்கள்.

"இப்ப இழு. மொகம் தெரியாது. எவனாச்சும் கேட்டா, 'அது தெரச்சீல, நாடகம் நடக்குது'ன்னு நான் சொல்லிக்கிறேன்."

திரைக்கு இரண்டு பக்கம்

மூத்தார் திரையைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். வாளை எடுத்துவிட்டு, கட்டை அவிழ்த்து, பலகையைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தினார். பிறகு மட்டக்கோலைத் தம்பி இழைத்த முகத்தின்மேல் வைத்தார். குறுக்கே வைத்தார். மூலைக்கு மூலை வைத்தார். கோலுக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு மயிரிழை வெளிச்சம் இல்லை.

ஈர்க்கை எடுத்து, அந்த முகத்திலிருந்தே அளந்து, இரண்டு பக்கமும் அவரே கோடு கீறினார்.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தேன். என் கைக்கு அது தடி. விரல் சுற்றி வரவில்லை. முதல் இழுப்பில் வாள் என்னை இழுத்துக்கொண்டு போனது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. மரத்தைப் பார்த்தும் இல்லை, ஆட்டைப் பார்த்தும் இல்லை.

"தள்ளாத ஆத்தா. தள்ளுனா வளையும். இழு, இழுத்துட்டு விட்டுரு. அம்புட்டுத்தான்."

முகம் தெரியாததால்தான் அவருக்கும் பேச வந்தது, எனக்கும் கேட்க முடிந்தது. அந்த வேட்டி இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் வெட்கப்பட்டே பலகையைக் கெடுத்திருப்போம்.

"சரிங்க மாமா."

"கோடு தெரியுதா?"

"தெரியுதுங்க."

"வாளப் பாக்காத. கோட்ட மட்டும் பாரு."

கோட்டை மட்டும் பார்த்தேன். தோள் எரிந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து, வியர்வையும் இலுப்பை எண்ணெயும் பட்டுக் காந்தியது. வாகைத் தூள் கண்ணில் கரித்தது. எங்கேயாவது நிறுத்தினால் மறுபடி பிடிக்க முடியாது என்று தெரிந்தது. அதனால் நிறுத்தவில்லை. அஞ்சலை அக்கா, வாய் ஒரு பக்கம் திட்டிக்கொண்டே இருக்க, கை ஒரு பக்கம் எண்ணெய் விட்டார்கள். தெருவில் எட்டிப்பார்த்த ஒருத்தியிடம், "என்னத்தப் பாக்குற? சீட்டு வாங்கினியா?" என்று கேட்டதும் காதில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் வாள் பாட ஆரம்பித்தது. முதலில் எனக்குத் தெரியவில்லை. "கேக்குதா?" என்றார் மூத்தார். அப்புறம்தான் கேட்டது.

நூறு

வெயில் சாயும் நேரம் வேலிப்படலைத் திறக்கிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

கீரனூருக்குப் போய், கூட்டாளி வீட்டில் படுத்து, காலையில் திருச்சி பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். அப்போது பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் அடுப்பு வைத்துக் கரியைப் போட்டு ஓட்டுவார்கள். கண்டக்டர் ஊதினாராம், டிரைவர் ஊதினாராம், கடைசியில் பிரயாணிகளும் இறங்கி ஊதினார்களாம். பஸ் இருமினதே தவிர நகரவில்லை. இது அவர் சொன்ன காரணம். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

அவர் கண்ணுக்குப் பட்டது இதுதான்: நடுவில் ஒரு வேட்டி தொங்குகிறது, ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் வளையல் போட்ட இரண்டு கை.

சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். என் உள்ளங்கையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"விடு புள்ள. நான் பிடிக்கிறேன்."

"இல்லைங்க."

"கையப் பாரு. ரத்தம்."

"கோட்ட விட்டுக் கண்ண எடுத்தா கோணிரும்ங்க. முடிச்சுட்டுத் தாரேன். நீங்க ஆப்ப அடிங்க."

புருஷனிடம் 'அடிங்க, எடுங்க' என்று வேலை சொல்லியது அதுவரை கிடையாது. அவர் ஒரு கணம் நின்றார். திரைக்கு அந்தப் பக்கம் வாள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது. நான் இழுத்தேன். அவர் குனிந்து கொட்டாப்புளியை எடுத்து ஆப்பை அடித்தார்.

அடித்த அடியில் தூள் கிளம்பி அவர் மூக்கில் ஏறியது. தும்மினார்.

வாள் போனது, வந்தது.

"நூறு," என்றது திரைக்கு அந்தப் பக்கம்.

என் வீட்டுக்காரர் ஆப்பைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு மறுபடியும் தும்மினார். அது வாகைத் தூளால் வந்த தும்மல்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

"எரநூறு."

அந்த இழுப்பிலோ அடுத்த இழுப்பிலோ வாள் சட்டென்று லேசானது. அறுப்பு அறுப்போடு சேர்ந்துவிட்டது. பலகை ஒரு முறை நடுங்கியது. மூத்தார் வாளை உருவ, என் வீட்டுக்காரர் கடைசி ஆப்பை இறக்க, கட்டு அவிழ்ந்ததும் பலகை இரண்டாக விரிந்தது.

உள்ளே கரும்பழுப்பும் தேன் நிறமுமாக ரேகை ஓடியது. இந்தப் பலகையில் சுழித்த இடத்தில் அந்தப் பலகையிலும் சுழித்திருந்தது.

இரண்டு அறுப்பும் சந்தித்த இடத்தில் ஒரு வரப்பு இருந்தது. முதலில் கோணலாகப் போனதன் மிச்சம். இழைத்து எடுக்கலாம், கனம் மிஞ்சும். என் வீட்டுக்காரர் அதன்மேல் விரலை ஓட்டினார். அண்ணனைப் பார்த்தார். அண்ணனைத்தான்.

"இதுல மழை பெஞ்சா நாத்து நடலாம்ணே."

மூத்தார் அந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாரோ! சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நட வேண்டாம்டா. இழைக்கத்தான் நீ இருக்கியே."

மூன்றாம் ஓலை வாசித்த அன்று சவரியம்மா வண்டியோடு வந்தார். அலமாரி தயாராக நின்றது. இரண்டு கதவிலும் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

என் கை ஆற அதற்குப் பிறகும் நாளானது. ஆறினதும் ஒரு காலை, எண்ணெய்க் கிண்ணத்தோடு பட்டறைக்குப் போனேன். கம்பத்தில் வேறு ஒரு பலகை கட்டியிருந்தது. கயிற்றில் வேட்டி தொங்கியது. என் வீட்டுக்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்து சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார், எழுந்து வரவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் மூத்தார் வாளோடு நின்றிருந்தார்.

என் பக்கத்துக் கைப்பிடி புதிதாக இருந்தது. பழைய தடிக் கைப்பிடியை எடுத்துவிட்டு, வேப்பங்கட்டையில் சின்னதாக ஒன்று மூத்தார் கடைந்து மாட்டியிருந்தார். எண்ணெய் போட்டு வழவழப்பாக்கியிருந்தார்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துப் பார்த்தேன். விரல் முழுசாகச் சுற்றி வந்தது. அந்த வேட்டி முகத்தை மறைத்தது, கையை மறைக்கவில்லை.

"இழுக்கலாமா ஆத்தா?"

"இழுக்கலாம்ங்க மாமா," என்றேன்.